ஃபைபர் போட்ட பிறகும் நெட் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

பாளையங்கோட்டையில் அப்பாவும் அம்மாவும் இருக்கும் வீட்டில், பழைய டெலிபோன் கம்பி வழியாக வந்துகொண்டிருந்த இன்டர்நெட்டை எடுத்துவிட்டு 200 எம்பிபிஎஸ் ஃபைபருக்கு மாறினோம். இணைப்புக் கொடுக்க வந்த தம்பி, ஹாலில் மோடத்துக்குப் பக்கத்தில் நின்று தன் போனில் வேகம் பார்த்தார். 190க்கு மேல் காட்டியது. எல்லோருக்கும் சந்தோஷம். நான் மாடி அறைக்குப் போய் லேப்டாப்பைச் சுவர் பாயின்ட்டில் செருகிப் பார்த்தால் 94. மறுநாளும் 94. காலையில், மதியம், ராத்திரி பதினோரு மணிக்கு, எப்போது பார்த்தாலும் 94. மூன்று முறை புகார் கொடுத்தேன். மூன்று முறையும் ஆள் வந்து ஹாலில் வேகம் பார்த்து, "இங்க சரியாத்தான் சார் வருது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதுதான் சரி. கோளாறு எங்கள் வீட்டுச் சுவருக்குள் இருந்தது.

அதற்கப்புறம் சொந்தக்காரர், நண்பர் வீடுகள் சிலவற்றிலும் போய்ப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். நான் பார்த்தவரை, காசு கொடுத்து வாங்கிய வேகம் தெருவில் தொலைவதைவிட ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில்தான் அதிகம் தொலைகிறது. உங்கள் வீட்டில் என்ன தொந்தரவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் கீழே சொல்லும் முதல் சோதனையை மட்டும் எல்லோரும் செய்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முந்தைய சோதனை

ஃபைபர் வந்து முடியும் பெட்டிக்கு ஓஎன்டி என்று பெயர். வழக்கத்தில் அதையும் மோடம் என்றுதான் சொல்கிறோம். அதன் பின்னால் இருக்கும் மற்ற லேன் வயர்களையெல்லாம் கழற்றிவிட்டு, வீட்டில் எல்லோர் போனிலும் வைஃபையை அணைக்கச் சொல்லுங்கள். லேப்டாப்பை ஒரு நல்ல, குட்டையான லேன் வயரால் நேராக ஓஎன்டியில் செருகி வேகம் பாருங்கள். லேப்டாப்பில் லேன் ஓட்டை இல்லையென்றால் யுஎஸ்பி அடாப்டர் போதும், ஆனால் அது கிகாபிட் (அதாவது 1000 எம்பிபிஎஸ் தாங்கும்) அடாப்டராக இருக்க வேண்டும்.

இங்கே பிளானில் சொன்ன வேகம் கிட்டத்தட்ட வந்துவிட்டால் கோளாறு வீட்டுக்குள். வரவில்லையென்றால் வெளியே, அல்லது அந்தப் பெட்டியில். வைஃபையில் பார்த்த வேகத்தை வைத்து இந்த முடிவுக்கு வராதீர்கள்.

இன்னொன்று. பிளானில் எழுதியிருப்பது மெகாபிட். டவுன்லோடு ஆகும்போது கம்ப்யூட்டர் காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். ஆகவே 200 எம்பிபிஎஸ் லைனில் ஒரு ஃபைல் நொடிக்கு 24, 25 எம்பி இறங்கினால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இதைப் புரிந்துகொள்ளாமல் சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: ஓஎன்டியில் சிவப்பு விளக்கு

எல்.ஓ.எஸ். என்று எழுதியிருக்கும் விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ பெட்டிக்கு ஒளியே வந்து சேரவில்லை. முதலில் பெட்டியின் பின்னாலோ அடியிலோ இருக்கும் பச்சை நிற முனையைப் பாருங்கள். வீடு பெருக்கும்போது இடித்து அது பாதி வெளியே வந்திருக்கலாம். 'டிக்' என்று சத்தம் வரும்வரை உள்ளே தள்ளுங்கள். அப்புறம் மஞ்சள் அல்லது வெள்ளை நிற ஃபைபர் வயரை அது வரும் வழியெல்லாம் கண்ணால் தொடருங்கள். சோபா கால் ஏறி நிற்கிறதா, ஜன்னல் கதவு நசுக்குகிறதா, ஆணியில் இறுக்கிக் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். செம்புக் கம்பியை எப்படி மடித்தாலும் கரன்ட் போகும். இது கண்ணாடி இழை. ஓர் அளவுக்கு மேல் மடித்தால் ஒளி வளைவிலேயே வெளியே கசிந்துவிடும். ஒரு டம்ளர் வாயை விடச் சின்ன வட்டமாகச் சுற்றி வைக்காமல் இருந்தால் பயமில்லை.

வெளியே வந்தால் அணில். எங்கள் தெருவில் மாமரத்தை ஒட்டிப் போகும் வயரை இரண்டு முறை கடித்திருக்கிறது. அதற்கு லைன்மேன்தான் வர வேண்டும், நாமே டேப் சுற்றி ஒட்ட முடியாது.

கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, வெளிச்சம் வருகிறதா என்று பார்க்கவே கூடாது. உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைச் சொல்லி வையுங்கள். முனையை விரலால் தொடவும் வேண்டாம். விரல் எண்ணெய் பட்டாலே ஒளி குறையும்.

சிவப்பு இல்லை, ஆனால் பி.ஓ.என். என்ற பச்சை விளக்கு நிலையாக நிற்காமல் மின்னிக்கொண்டே இருக்கிறது என்றால் விஷயம் வேறு. ஒளி வருகிறது, ஆனால் அந்தப் பெட்டியை நெட் கம்பெனியின் கருவி இன்னும் சேர்த்துக்கொள்ளவில்லை. பெட்டியை மாற்றிய அன்று இப்படி நடந்தால் புதுப் பெட்டியின் சீரியல் எண்ணைப் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

விளக்கெல்லாம் சரி, ஆனால் லைன் அடிக்கடி விழுந்து எழுகிறது என்றால், ஓஎன்டியின் செட்டிங்ஸ் பக்கத்தில் வந்து சேரும் ஒளியின் அளவு டிபிஎம் கணக்கில் இருக்கும். மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. மைனஸ் 25ஐத் தாண்டினால் சொல்லிச் சரிசெய்ய வேண்டியது. மைனஸ் 27, 28 என்பது பல பெட்டிகளுக்குக் கடைசி எல்லை. நீல முனையைப் பச்சை முனையோடு செருகி வைத்திருந்தாலும் ஒளி வீணாகும். பச்சையின் முகம் சாய்வாகத் தேய்த்தது, நீலத்தின் முகம் அப்படியல்ல. இரண்டும் சரியாக ஒட்டாது.

அறிகுறி: எப்போது பார்த்தாலும் 94

இது என் சொந்தக் கதை என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ஏனென்றால் பிளானை உயர்த்திய வீடுகளில் நான் அதிகம் பார்ப்பது இதுதான்.

வேகம் 60, 110, 150 என்று ஏறி இறங்கினால் ஆயிரம் காரணம் இருக்கலாம். 93, 94, 95 என்று ஆணி அடித்தது போல நின்றால் காரணம் ஒன்றுதான். நடுவில் எங்கேயோ ஓர் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடுகிறது. தகவலோடு சேர்ந்து போகும் முகவரிச் சுமை போக, கைக்குக் கிடைப்பது அந்த 94.

லேன் வயருக்குள் நான்கு ஜோடி, மொத்தம் எட்டு இழை. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும். 1000 வேண்டுமென்றால் நீலமும் பழுப்பும் சேர்ந்து எட்டு இழையும் முழுசாக இருக்க வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஓர் இழை அறுந்தாலும் இரண்டு பக்கத்துக் கருவிகளும் தாமாகவே பேசிக்கொண்டு 100க்கு இறங்கிவிடும். நெட் நிற்காது, எந்த எச்சரிக்கையும் வராது. அதனால்தான் பழைய 40 எம்பிபிஎஸ் பிளானில் இந்தக் கோளாறு வருஷக்கணக்கில் ஒளிந்துகொண்டிருக்கும். வேகத்தை உயர்த்திய அன்றுதான் தலையை நீட்டும்.

உறுதி செய்வது எளிது. விண்டோஸில் செட்டிங்ஸ், நெட்வொர்க், ஈதர்நெட் என்று போனால் லிங்க் ஸ்பீட் என்று ஒரு வரி இருக்கும். 1000/1000 என்று இருக்க வேண்டும். 100/100 என்றால் நான் சொன்னதுதான்.

இப்போது ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள், ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதீர்கள். முதலில் லேப்டாப்புக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் வயர். அப்புறம் ஓஎன்டியின் ஓட்டை. சில பெட்டிகளில் நான்கு ஓட்டைகளில் ஒன்று மட்டும்தான் கிகாபிட், மீதி மூன்றும் 100. பெரும்பாலும் அந்த ஒன்றின் நிறம் வேறாகவோ, மேலே ஜி.இ. என்று எழுதியோ இருக்கும். அப்புறம் நடுவில் இருக்கும் பழைய ரவுட்டரும் சுவிட்ச்சும். நன்றாகத்தானே ஓடுகிறது என்று எடுத்து வைத்த பழைய ரவுட்டரின் ஓட்டைகள் 100 மட்டுமே தாங்குபவையாக இருக்கலாம்.

இவையெல்லாம் சரியென்றால் சுவர்தான் பாக்கி. எங்கள் மாடி பாயின்ட்டின் பிளேட்டைக் கழற்றினேன். இரண்டு திருகு. உள்ளே பார்த்ததும் புரிந்துவிட்டது. ஒரே ஒரு லேன் வயர் வந்திருக்கிறது. அதில் ஆரஞ்சும் பச்சையும் லேன் ஜாக்கில் போயிருக்க, நீல ஜோடியைத் தனியாகப் பிரித்து, பக்கத்தில் இருந்த டெலிபோன் சாக்கெட்டில் திருகி வைத்திருந்தார்கள். பழுப்பு ஜோடி யாருக்கும் வேண்டாமல் வயரின் கழுத்தில் சுற்றிக் கிடந்தது. வீடு கட்டிய காலத்தில் எலக்ட்ரீசியன் ஒரு வயரில் இரண்டு வேலையை முடித்திருக்கிறார். அன்றைக்கு அது தப்பே இல்லை, மாடியில் அப்பாவுக்கு ஒரு போன் எக்ஸ்டென்ஷன் வேண்டியிருந்தது. இப்போது அந்த எக்ஸ்டென்ஷனில் பேச ஆளில்லை.

நீலத்தைப் பிரித்தெடுத்து, பழுப்பை நீட்டிவிட்டு, எட்டையும் ஜாக்கில் அழுத்தினேன். கீழே ஹால் முனையிலும் அதே வேலை. பிளக்கில் போடும் வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. சுவர் ஜாக்கில் ஓட்டைகளின் வரிசை வேறாக இருக்கும், பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் நிற அட்டையில் பி என்று போட்டிருப்பதைப் பார்த்து அழுத்துங்கள். இழைகளின் முறுக்கை முனைக்கு முன்னால் அரை இன்ச்சுக்கு மேல் பிரிக்க வேண்டாம். அந்த முறுக்குதான் ஒரு ஜோடியை அடுத்த ஜோடியின் இரைச்சலிலிருந்து காக்கிறது. எட்டு விளக்கு வரிசையாக எரியும் சின்ன லேன் டெஸ்டர் எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும், ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அன்று மாலை மாடியில் 192 வந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

எட்டு இழையும் சரியாகப் போட்டும் 100தான் என்றால் வயரின் உலோகத்தையே சந்தேகப்படுங்கள். ஓர் இழையை பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். விலை குறைவு, ஆனால் இரண்டு முறை வளைத்தால் முனையில் முறிந்துவிடும். முழுச் செம்பு எவ்வளவு சுரண்டினாலும் செம்பு நிறம்தான்.

சுவருக்குள் புது வயர் இழுக்க வேண்டி வந்தால்

பழைய வயரை உருவிப் போட்டுவிடாதீர்கள். அதன் முனையில் புது வயரைக் கட்டி, இந்தப் பக்கம் ஒருவர் தள்ள, அந்தப் பக்கம் ஒருவர் இழுத்தால் பாதி வேலை முடிந்தது. பயன்படாமல் கிடக்கும் கேபிள் டிவி வயரும் இதற்கு உதவும். முடிச்சுப் போட்டால் வளைவில் மாட்டும். இழைகளை மடக்கிப் பின்னி, மேலே டேப்பை வழவழவென்று சுற்றுங்கள். பிளக்கை மாட்டி இழுக்காதீர்கள், வெறும் வயரை இழுத்துவிட்டு அப்புறம் பிளக் போடுங்கள்.

சித்தி வீட்டில் பழைய வயரும் இல்லை, வெறும் பைப்தான். எலக்ட்ரீசியன் நைலான் ஸ்பிரிங்கை விட்டார். எட்டடி போய் நின்றுவிட்டது. வெளியே எடுத்து முனையைத் தடவிப் பார்த்தார், விரலில் சாம்பல் நிறத்தில் பொடி. "தம்பி, தளம் போட்டப்ப சிமென்ட் பால் இறங்கி உள்ள இறுகிப்போச்சு. இனிமே போவாது." சுவரை உடைக்கலாமா என்று சித்தி கேட்டார். வேண்டாம் என்றேன். அரை இன்ச் கேசிங் பட்டியைச் சுவரும் தளமும் சேரும் மூலையில் ஒட்டி, அதே சுண்ணாம்பு நிறத்தை அடித்துவிட்டோம். இப்போது உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

230 வோல்ட் வயர் போகும் பைப்பிலேயே லேன் வயரையும் விடலாமே என்று சிலர் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். இரைச்சல் கிடக்கட்டும், உள்ளே எங்காவது இன்சுலேஷன் உரிந்தால் அந்தக் கரன்ட் கம்ப்யூட்டருக்கும் அதைத் தொடும் கைக்கும் வரும். புது வீடு கட்டுகிறவர்கள் நெட்டுக்கென்று தனியாக ஒரு இன்ச் பைப் போட்டு, ஹாலிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாக கேட் 6 தர லேன் வயர் இழுத்துவிடுங்கள். வாசலில் ஃபைபர் நுழையும் இடத்திலிருந்து ஓஎன்டி நிற்கப்போகும் இடம்வரை ஒரு காலி பைப்பும் வேண்டும். ஏற்கெனவே சுவருக்குள் நல்ல செம்பு கேட் 5இ இருந்தால் அதை மாற்ற வேண்டியதில்லை, 100 மீட்டர்வரை 1000 எம்பிபிஎஸ்ஸை அது தாங்கும்.

அறிகுறி: ஹாலில் பறக்கிறது, படுக்கையறையில் நகரவே இல்லை

லைனில் குறையில்லை, வைஃபை சுவரைத் தாண்டவில்லை. வைஃபை பொதுவாக 5 கிகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைகளில் வரும். 5 வேகமானது, ஆனால் ஒன்பது இன்ச் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டினால் மூச்சு வாங்கும். 2.4 தூரம் போகும், ஆனால் பக்கத்து வீடுகளின் ரவுட்டர்கள் எல்லாம் அதே பாதையில் நெரிசலாக நிற்கும். 2.4ல் 1, 6, 11 ஆகிய சேனல்கள் மட்டும்தான் ஒன்றோடொன்று மோதாதவை. அவற்றில் காலியாக இருப்பதைப் போடுங்கள்.

அதற்கு முன்னால் பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வயர் மிச்சமாகும் என்று ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பாதி சிக்னல் தெருவுக்குப் போகும். சில வீடுகளில் டிவிக்குப் பின்னால், சில வீடுகளில் பரணில். ஒரு நண்பர் வீட்டில் ரவுட்டருக்கும் படுக்கைக்கும் நடுவில் இரும்பு பீரோ நின்றது. இரும்பை வைஃபை ஊடுருவாது. பீரோவைப் பக்கத்துச் சுவருக்குத் தள்ளினோம், வேறு எதுவும் செய்யவில்லை, அந்த அறையில் வீடியோ நிற்காமல் ஓட ஆரம்பித்தது. இணைப்புக் கொடுக்க ஆள் வரும் முன்பே வீட்டின் நடுவில், நெஞ்சு உயரத்தில், ஒரு பிளக் பாயின்ட்டோடு இடம் பார்த்து வையுங்கள்.

அதற்கும் மேல் வேண்டுமென்றால் வைஃபையை வாங்கி வைஃபையாகவே திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரை நான் சொல்ல மாட்டேன். ஒரே அலையில் வாங்கிக் கொடுத்தால் வேகம் பாதியாகும். லேன் வயர் இழுத்து, அந்த அறையில் இன்னொரு ரவுட்டரை அக்சஸ் பாயின்ட் மோடில் போடுங்கள். அந்த மோடை மறந்துவிட்டால் இரண்டாவது ரவுட்டர் தனக்கென்று ஒரு நெட்வொர்க்கை உண்டாக்கிக்கொள்ளும். நெட் வரும், ஆனால் கீழே இருக்கும் பிரின்டர் மாடியில் தெரியாது.

அறிகுறி: கரன்ட் போனால் நெட்டும் போனும் சேர்ந்து போகிறது

பெற்றோர் தனியாக இருக்கும் வீடுகளில் இதை முதல் நாளே சரிசெய்யுங்கள். பழைய டெலிபோன் கம்பியில் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது. ஊரே இருட்டானாலும் போன் அடிக்கும். ஃபைபரில் அந்த வசதி இல்லை. கண்ணாடி இழை கரன்ட்டைக் கொண்டுவராது, போன் ஓஎன்டியிலிருந்து பேசுகிறது, ஓஎன்டி வீட்டுக் கரன்ட்டில் ஓடுகிறது. எங்கள் அம்மாவுக்கு இது தெரியாது. ஒரு மழை இரவில் கரன்ட் இல்லாமல் மூன்று மணி நேரம் போன் செத்துக் கிடந்தது, செல்போனிலும் சார்ஜ் இல்லை. நான் சென்னையில் உட்கார்ந்து அடித்துக்கொண்டே இருந்தேன்.

ரவுட்டருக்கென்று 12 வோல்ட் மினி யுபிஎஸ் கிடைக்கிறது. வாங்கும் முன் ஓஎன்டியின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பாருங்கள். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம். தனி ரவுட்டரும் இருந்தால் அதற்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தெருவில் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டருக்குக் கரன்ட்டே வேண்டாம். ஆகவே உங்கள் பெட்டியும் நெட் கம்பெனியின் கருவியும் உயிரோடு இருந்தால் லைன் ஓடும்.

இன்வெர்ட்டர் இருந்தும் கரன்ட் போகும்போதெல்லாம் மோடம் அணைந்து எரிகிறது என்றால் இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோட் என்ற சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அந்த மோடில் மாறும் நேரம் குறைவு.

அறிகுறி: சாயங்காலம் மட்டும் மந்தம்

லேன் வயரில் நேராகச் சோதித்தும் ராத்திரி 8 முதல் 11 வரை மட்டும் வேகம் விழுகிறது என்றால் அது நெரிசல். ஜிபான் என்ற முறையில் ஒரே இழையில் வரும் சுமார் 2.5 ஜிபிபிஎஸ்ஸை (அதாவது 2,500 எம்பிபிஎஸ்ஸை) பல வீடுகள் பங்குபோடுகின்றன. வழக்கமாக 32 அல்லது 64 வீடுகள். ஒரு வாரம் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் அளந்து, லிங்க் ஸ்பீட் 1000 என்பதையும் சேர்த்துக் குறித்து அனுப்புங்கள். 'நெட் ஸ்லோ' என்று மட்டும் சொன்னால் மறுபடி ஹாலில் வேகம் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அறிகுறி: வெளியூரிலிருந்து வீட்டு கேமரா தெரியவில்லை

பழைய லைனில் தெரிந்தது, ஃபைபர் மாறியதும் போய்விட்டது என்றால் ஓஎன்டியில் வெளிப்பக்க ஐபி முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்திருக்கிறார்கள். இனி ரவுட்டரில் போர்ட் திறந்து, அதாவது வெளியிலிருந்து கேமராவுக்கு வழிவிட்டு, பலனில்லை. கேமரா கம்பெனியின் செயலி வழியாக சீரியல் எண்ணைப் போட்டுச் சேருங்கள், இல்லையென்றால் உங்கள் வீட்டுக்கென்றே மாறாத முகவரியான ஸ்டேடிக் ஐபி கேளுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் இருக்கும்.

அறிகுறி: மழை பெய்தால் மட்டும் தகராறு

ஃபைபருக்குள் ஓடுவது ஒளி, ஈரம் அதைக் கெடுக்காது. ஆனால் இணைப்புப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தால் முனைகள் கெடும், காற்றில் ஆடும் வயர் மடங்கும். சுவரில் துளை போடும்போது உள்ளிருந்து வெளியே சரிவாகப் போடச் சொல்லுங்கள். துளைக்கு வெளியே வயரை ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற்றினால் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். ஃபைபர் வயரைத் தாங்கி வரும் இரும்புக் கம்பியை வெளியே கொக்கியிலேயே நிறுத்திவிட வேண்டும், வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

ஐப்பசி இடிக்கு ஃபைபர் பயப்படாது. மொட்டை மாடி கேமராவுக்குப் போகும் லேன் வயர் செம்பு, அது பயப்பட வேண்டியது. இடி கிட்டே வரும்போது அந்த ஒரு வயரை மட்டும் சுவிட்ச்சிலிருந்து கழற்றிவிடச் சொல்லி, அதில் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன். அம்மா கண்ணாடி போடாமலே கண்டுபிடித்துக் கழற்றிவிடுகிறார்.